இரண்டு டர்ட் பைக் வைத்துக்கொள்வது எப்படி: வாங்கும் முன்பிருந்து விற்கும் வரை

என் ஷெட்டில் இரண்டு டர்ட் பைக்குகள், அதாவது மண் பாதையில் ஓட்டும் வண்டிகள், நிற்கின்றன. ஒன்று ரோட்டில் ஓடப் பதிவு செய்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி. இன்னொன்று பதிவே இல்லாத கவாசாகி கேஎல்எக்ஸ் 140 ஜி. தோட்டத்துக்குள்ளும் ட்ராக்கிலும் மட்டும் ஓடும். பொள்ளாச்சிப் பக்கம் ஞாயிறுதோறும் எங்களோடு ஓட்ட வருபவர்களில் ஆறு பேர் இரண்டாவது வண்டி வாங்கினார்கள். அதில் மூன்று வண்டிகள் இப்போது தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கின்றன.

மூன்று பேரும் நன்றாக ஓட்டக்கூடியவர்கள்தான். முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியில் செய்தார்கள், அவ்வளவுதான். வண்டியை வாங்கிவிட்டு இடம் தேடினார்கள், இடம் கிடைத்த பிறகு காகிதம் தேடினார்கள், அதற்குள் கார்புரேட்டர் அடைத்துக்கொண்டது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம்.

1. முதல் வண்டியால் முடியாதது எது என்று எழுதுங்கள்

காகிதத்தில் எழுதுங்கள். "இன்னும் நல்லா ஓட்டணும்" என்பது கணக்கில் வராது. "கல் நிறைந்த ஏற்றத்தில் விழுந்தால் தனியாகத் தூக்க முடியவில்லை" என்பது காரணம். "தம்பியும் வருகிறேன் என்கிறான், அவனுக்கு வண்டி இல்லை" என்பதும் காரணம்.

என் காரணம் எடை. எக்ஸ்பல்ஸ் சுமார் 160 கிலோ. ஒரு காலையில் நான்கு முறை விழுந்து நான்கு முறை தூக்கினால் ஐந்தாவது முறை கை வராது. கேஎல்எக்ஸ் 140 ஜி 99 கிலோதான். ஒரு ஆளின் எடை குறைகிறது. சின்ன வட்டத்தில் திரும்புவது, மரக்கட்டையைத் தாண்டுவது போன்றவற்றைப் பயம் இல்லாமல் பத்து முறை, இருபது முறை பழக அதில்தான் முடிந்தது.

காரணத்தைப் பொறுத்துதான் வண்டி. உங்களுக்கே இரண்டு வேண்டும் என்றால், இரண்டும் வெவ்வேறு வேலைக்கானவையாக இருக்கட்டும். ஒரே ரகத்தில் இரண்டு இருந்தால் பிடித்தது ஓடும், மற்றது நிற்கும். கூட ஓட்ட ஆள் இருக்கிறார் என்றால் இதற்கு நேர் எதிர்: அதே மாடலில் இன்னொன்று வாங்குங்கள். லீவர், டியூப், பிரேக் பேட் எல்லாம் ஒரே டப்பாவில் அடங்கும்.

இன்னும் முடிவுக்கு வரவில்லையா? கோலாரில் ராலி வீரர் சி.எஸ்.சந்தோஷ் தொடங்கிய பிக்ராக் டர்ட் பார்க் போன்ற இடத்தில் ஒரு நாள் பயிற்சிக்குப் போய், எடை குறைந்த வண்டி ஒன்றை ஓட்டிப் பாருங்கள். எங்கள் குழுவில் ஒருவர் அப்படிப் போய் வந்துவிட்டு, வண்டி வேண்டாம், நல்ல பூட்ஸ் போதும் என்று முடிவு செய்தார். வண்டிப் பணம் மிச்சம்.

2. வண்டிக்கு முன் இடம்

பதிவு இல்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்ட மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 39 அனுமதிக்காது. மாட்டினால் முதல் முறையே 5,000 ரூபாய் வரை அபராதம். "ரோட்டைத் தொட மாட்டேன், ஊருக்கு வெளியே மண் பாதையில்தான்" என்று பலர் சொல்கிறார்கள். அந்தச் சட்டத்தில் பொது இடம் என்றால் தார் ரோடு மட்டும் இல்லை. பொதுமக்கள் போக உரிமை உள்ள எந்த வழியும், எந்த இடமும் அதில் வரும். கிராமத்து வண்டித்தடமும் அதில் சேர்த்திதான்.

காப்புக்காட்டுக்குள் பதிவு செய்த வண்டியில்கூடப் போகாதீர்கள். ஆனைமலை, சத்தியமங்கலம், முதுமலை எல்லாம் புலிகள் காப்பகங்கள். "போன வாரம் ஒரு குரூப் போனாங்களே" என்று யாராவது சொல்வார்கள். அவர்கள் மாட்டவில்லை, அவ்வளவுதான். யானை வழியில் சைலன்சர் சத்தத்தோடு போய் நிற்பது அபராதத்தை விடப் பெரிய பிரச்சினை.

மிச்சம் இருப்பது தனியார் நிலமும் ட்ராக்கும்தான். தோட்டக்காரரிடம் வாய்வார்த்தை போதாது. எந்த நாள், எத்தனை வண்டி, எந்தப் பக்கம் போகக் கூடாது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். எங்களுக்கு இடம் கொடுத்தவர் வைத்த ஒரே நிபந்தனை, சொட்டுநீர்க் குழாய் உள்ள வரிசைகளுக்குள் சக்கரம் போகக் கூடாது என்பது. முதல் மாதமே ஒருவர் குழாயைக் கிழித்தார். அன்றைக்கே புதுக் குழாய் வாங்கிப் போட்டதால்தான் இன்றைக்கும் அங்கே ஓட்டுகிறோம்.

3. காகிதம்

ட்ராக் வண்டிக்கு ஆர்சி கிடையாது. அப்படியென்றால் அது உங்களுடையது என்று காட்டுவது எது? முதல் விற்பனை ரசீது. பழைய வண்டி வாங்கினால் ரசீதில் உள்ள ஃப்ரேம் எண்ணையும் ஸ்டியரிங் கழுத்தில் குத்தியிருக்கும் எண்ணையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். மண் ஒட்டியிருந்தால் துணியால் துடைத்துப் பாருங்கள். "ரசீது எங்கேயோ இருக்கு, அப்புறம் தரேன்" என்றால் பணத்தையும் அப்புறம் தாருங்கள்.

பதிவு செய்த வண்டியில் மறப்பது வேறு. இரண்டாவது வண்டி வந்ததும் ஞாயிறு எல்லாம் அதற்கே போகும். முதல் வண்டியின் இன்சூரன்ஸும் புகைச் சான்றிதழும் காலாவதி ஆனது சோதனையில் நிறுத்தும்போதுதான் தெரியவரும். இரண்டு தேதியையும் போனில் ஒரு மாதம் முன்கூட்டியே ஒலிக்கும்படி வையுங்கள்.

4. சக்கர அளவைப் பார்த்து வாங்குங்கள்

குதிரைத் திறனைப் பார்க்கும் முன் டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படியுங்கள். எக்ஸ்பல்ஸுக்கு முன்னால் 21 அங்குலம், பின்னால் 18. கேஎல்எக்ஸ் 140 ஜிக்கும் அதேதான். மோட்டோகிராஸ் பந்தய வண்டிகளில் பெரும்பாலும் பின்சக்கரம் 19. அந்த ஒரு அங்குலத்தால் டயரும் டியூபும் தனித்தனியாக வாங்க வேண்டிவரும். அவசரத்துக்கு ஒன்று மற்றதற்கு உதவாது.

அளவு ஒன்றாக இருந்தால் ஒரு வசதி உண்டு. பையில் ஒரே ஒரு 21 அங்குல டியூப் போதும். பின்சக்கரம் பஞ்சரானால் அதையே 18க்குள் மடிப்பு விழாமல் திணித்து வீடு வரலாம். பின்சக்கர டியூபை முன்னால் இழுத்து மாட்ட முடியாது. வீட்டுக்கு வந்ததும் சரியான டியூபை மாற்றிவிட வேண்டும், இது வழித்துணைக்கு மட்டும்தான்.

செயின் வாங்கும்போது அதன் அளவு எண் 428ஆ 520ஆ என்று ஒவ்வொரு வண்டிக்கும் பார்த்துச் சுவரில் எழுதிவிடுங்கள். பெட்டியைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

5. ஷெட்டைத் தயார் செய்யுங்கள்

ஒவ்வொரு வண்டிக்கும் நடுவில் ஒரு ஆள் உட்கார்ந்து வேலை செய்கிற அளவு இடைவெளி வேண்டும். வண்டியை வெளியே தள்ளினால்தான் செயினுக்கு எண்ணெய் விட முடியும் என்றால், நீங்கள் எண்ணெய் விட மாட்டீர்கள். சோம்பல் மனித குணம், அதற்கேற்றபடி ஷெட்டை அமையுங்கள்.

பக்கத்து வெல்டிங் பட்டறையில் சொன்னால் எஞ்சினுக்கு அடியில் கொடுக்கும் ஸ்டாண்டைச் செய்து தருவார்கள். இரண்டு சக்கரமும் தரையைத் தொடாமல் நின்றால் சஸ்பென்ஷனுக்கு ஓய்வு, டயருக்கும் நல்லது. அடியில் தட்டையான காவல் தகடு இல்லாத வண்டிக்கு, ஸ்டாண்டு எங்கே முட்டுகிறது என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

அப்புறம் எலி. நிற்கிற வண்டியில் ஏர் ஃபில்டர் இருக்கும் பெட்டியான ஏர்பாக்ஸ் எலிக்கு அருமையான வீடு: இருட்டு, காய்ந்த இடம், மெத்தைக்கு ஸ்பாஞ்ச். மழைக்காலத்தில் ஒரு முறை என் ஃபில்டரைத் திறந்தபோது தென்னை நாரும் கிழிந்த ஸ்பாஞ்சும் கலந்து ஒரு கூடு இருந்தது. அதைப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்திருந்தால் அத்தனையும் எஞ்சினுக்குள் போயிருக்கும். சைலன்சர் வாயை மூடி வையுங்கள், மூடியில் சிவப்புத் துணி ஒன்று தொங்கட்டும். கழற்ற மறக்காமல் இருக்கத்தான்.

6. இரண்டு வண்டியையும் ஒரே கைக்குப் பழக்குங்கள்

புதிதாக வருபவர்கள் முழுக்கத் தவறவிடும் படி இதுதான். விரல்கள் யோசிப்பதில்லை, போன இடத்தில் லீவர் இருக்கும் என்று நம்பிப் போகும். வண்டி மாறும்போது லீவர் ஒரு விரல்கனம் கீழே இருந்தால், கல்லைப் பார்த்துக் கிளட்ச் பிடிக்க வேண்டிய அந்தக் கணத்தில் விரல் காற்றைப் பிடிக்கும்.

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பூட்ஸ் போட்டு, கால் வைக்கும் ஃபுட்பெக் மேல் எழுந்து நில்லுங்கள். உட்கார்ந்து அளந்தால் தப்பாக வரும், ஏனென்றால் ட்ரெயிலில், அதாவது மண்ணும் கல்லுமான பாதையில், பெரும்பாலும் நின்றுதான் ஓட்டுவோம். நின்றபடி கையை ஹேண்டில்பார் மேல் வைத்தால், முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரே கோடாக லீவரில் போய்ச் சேர வேண்டும். முதல் வண்டியில் இதைச் சரிசெய்து, ஃபுட்பெக்கிலிருந்து ஹேண்டில்பார் பிடி வரை ஒரு குச்சியால் அளவெடுத்து, அதே அளவை அடுத்ததில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு கொண்டுவாருங்கள். முழுதாக ஒத்துப்போகாது. லீவரின் சாய்வும், கிளட்சில் விடும் 2 முதல் 3 மில்லிமீட்டர் தளர்வும், பின்பிரேக் பெடலின் உயரமும் ஒத்துப்போனாலே பாதிக்கு மேல் முடிந்தது.

லீவர் கிளாம்பை முழு பலம் கொடுத்து முறுக்க வேண்டாம். விழும்போது லீவர் சற்றுத் திரும்பிக்கொடுத்தால் உடையாது. கையால் பலமாகத் தள்ளினால் அசைகிற இறுக்கம் போதும்.

கையால் பழக்க முடியாத வித்தியாசம் ஒன்று உண்டு: கார்புரேட்டர் வண்டியின் பெட்ரோல் டேப், அதாவது டேங்கிலிருந்து பெட்ரோலைத் திறந்துவிடும் திருகு. ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வண்டியிலிருந்து வருபவருக்கு அப்படி ஒன்று இருப்பதே நினைவில் வராது. என் நண்பன் முதன்முதலில் கேஎல்எக்ஸை எடுத்த அன்று நடந்தது இது. ஸ்டார்ட் ஆனது, நன்றாகவே உறுமியது, கேட்டைத் தாண்டி இரண்டாவது தென்னை வரிசையில் அணைந்தது. பிளக்கைக் கழற்றித் துடைத்தான், ஃபில்டரைத் திறந்தான், பேட்டரியைச் சந்தேகப்பட்டான். முக்கால் மணி நேரம் போனது. தேங்காய் பொறுக்க வந்த பெரியவர் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, டேப்பைத் திறந்தியா?" என்றார். அவர் பஜாஜ் எம்80 ஓட்டிய காலத்து ஆள்.

டேப் மூடியிருந்தாலும் கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சமுள்ள பெட்ரோலில் வண்டி ஓரிரு நிமிடம் ஓடும். அதுதான் ஏமாற்றுகிறது. சாவி வளையத்தில் "டேப்" என்று எழுதிய ஒரு அட்டையை மாட்டிவிடுங்கள்.

7. பெட்ரோல்

இப்போது பங்க்கில் கிடைப்பது பெரும்பாலும் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கார்புரேட்டரில் பெட்ரோல் நின்று ஆவியாகும்போது மிஞ்சும் பிசின் முதலில் அடைப்பது பைலட் ஜெட்டைத்தான். ஊசிமுனை அளவு ஓட்டை அது. அடைந்ததும் வண்டி ஸ்டார்ட் ஆகும், சோக் போட்டால் ஓடும், ஐடிலில் நிற்காது.

இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கப்போகிறது என்றால் டேப்பை மூடி, வண்டி தானாக அணையும்வரை ஓடவிட்டு, பிறகு கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் தளர்த்தி மிச்சத்தை வடித்துவிடுங்கள். ஓடவிட்டால் மட்டும் போதாது, அடியில் கொஞ்சம் தங்கும். எஞ்சின் ஆறியபின் வடியுங்கள்.

இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு இதற்கு நேர் எதிராக, டேங்கை நிரப்பி நிறுத்துங்கள். காற்றுக்கு இடம் குறைந்தால் ஈரத்துக்கும் இடம் குறையும்.

ஒன்று டூ ஸ்ட்ரோக் என்றால் கேன்களைப் பிரித்தே ஆக வேண்டும். 40:1 என்றால் லிட்டருக்கு 25 மில்லி ஆயில். கலக்காத பெட்ரோலை ஊற்றினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பெயர் எழுதினால் போதாது, கேனின் நிறமே வேறாக இருக்கட்டும். இருட்டில் யாரும் படிப்பதில்லை.

8. குட்டி யானையில் (டாடா ஏஸ்) ஏற்றுவது

பதிவு இல்லாத வண்டியை ஓட்டிக்கொண்டு போக முடியாது என்பதால் வாடகை வண்டிச் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்றை ஏற்றுவதற்கும் இரண்டை ஏற்றுவதற்கும் வாடகை ஒன்றுதான்.

எக்ஸ்பல்ஸின் நீளம் சுமார் 2.2 மீட்டர். குட்டி யானையின் பின்தொட்டி அதை நெருக்கித்தான் வரும், ஆகவே முன்பே அளவு நாடா வைத்து அளந்துவிடுங்கள். இரண்டு வண்டியை ஒரே திசையில் ஏற்றினால் ஹேண்டில்பார்கள் முட்டும். ஒன்றை முன்னோக்கியும் மற்றதைப் பின்னோக்கியும் நிறுத்துங்கள். கனமானது முதலில் ஏறட்டும்.

கயிறு வேண்டாம். கயிறு இழுபடும், பத்து கிலோமீட்டரில் தளரும். ராட்செட் பெல்ட் வண்டிக்கு நான்கு. முன்பக்கம் இரண்டையும் ஹேண்டில்பாரிலோ கீழ் கிளாம்பிலோ போட்டு, முன் சஸ்பென்ஷனான ஃபோர்க் பாதி அமுங்கும்வரை இருபக்கமும் மாறி மாறி இறுக்குங்கள். அடிவரை அமுக்கினால் ஃபோர்க் சீலுக்குக் கேடு. முதல் வேகத்தடையைத் தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி எல்லா பெல்ட்டையும் ஒரு முறை தொட்டுப் பாருங்கள். டிரைவர் அண்ணன் சலித்துக்கொள்வார், பரவாயில்லை.

9. ட்ரெயிலில் வண்டி மாறுவது

இறக்கியதும் காற்றைக் குறையுங்கள். டயரை ரிம்மோடு அழுத்திப் பிடிக்கும் ரிம் லாக் இருந்தால் 14, 15 பிஎஸ்ஐ வரை போகலாம். இல்லாவிட்டால் 18க்குக் கீழே வேண்டாம். டயர் ரிம்மில் நழுவி டியூபின் வால்வைப் பிய்த்துவிடும். கல் அதிகம் உள்ள இடத்தில் இன்னும் இரண்டு கூட்டுங்கள்.

காலையில் கனமான வண்டியை முதலில் எடுங்கள், உடம்பில் தெம்பு இருக்கும்போதே. எடை குறைந்த வண்டியை ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுக் கனமானதில் ஏறினால், அதே இறக்கத்தில் அதே வேகத்தில் போகச் சொல்லும் மனது. 60 கிலோ கூடுதல் எடை அதே இடத்தில் நிற்காது. நான் பார்த்த விழுதல்களில் மோசமானவை எல்லாம் வண்டி மாறிய முதல் ஐந்து நிமிடத்தில் நடந்தவை.

அதனால் ஒவ்வொரு முறை மாறும்போதும் சமதளத்தில் எட்டு வடிவத்தில் இரண்டு சுற்று ஓட்டுங்கள், முன்பிரேக்கையும் பின்பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். ஒன்றில் ஏபிஎஸ் இருந்து மற்றதில் இல்லை என்றால் இது கட்டாயம். ஏபிஎஸ் பழகிய கை சரளைக்கல்லில் முன்பிரேக்கை அப்படியே இறுக்கும், சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஆள் தரையில்.

நண்பருக்கு வண்டி கொடுத்தால் ஹெல்மெட்டும் பூட்ஸும் சேர்த்துக் கொடுங்கள். ஸ்போர்ட்ஸ் ஷூவோடு வந்தவரை நான் ஏற்றுவதில்லை. 99 கிலோ வண்டியும் கணுக்காலின் மேல் விழுந்தால் 99 கிலோதான்.

10. வீடு திரும்பியதும்

இரண்டு வண்டியிலும் மண். இரண்டையும் அன்றைக்கே முடிக்க முடியாது என்றால் அடுத்த வாரம் ஓடப்போகாததை முதலில் எடுங்கள். ஓடப்போவதை எப்படியும் பார்ப்பீர்கள்.

கழுவுதல், ஃபில்டர், செயின். இந்த வரிசையில்தான். சைலன்சர் வாயை அடைத்துவிட்டுக் கழுவுங்கள். பிரஷர் வாஷரைச் சக்கர பேரிங்குக்கும் ஸ்டியரிங் கழுத்துக்கும் நேராகப் பிடித்தால் கிரீஸ் வெளியேறித் தண்ணீர் உள்ளே போகும். கழுவியதும் அடைப்பை எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டால் மூலை முடுக்கெல்லாம் காயும்.

அதன் பிறகு ஃபில்டர். முன்பே மாற்றினால் கழுவும் தண்ணீர் புது ஃபில்டரில் இறங்கும். ஸ்பாஞ்ச் ஃபில்டரை பெட்ரோலில் கழுவாதீர்கள், ஒட்டியிருக்கும் பசை விட்டுப்போகும். பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் போதும். முறுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே அமுக்கிப் பிழிந்து, நிழலில் முழுக்கக் காயவைத்து, ஃபில்டர் ஆயிலை ஊற்றி எல்லா இடமும் ஒரே நிறமாகும்வரை பிசையுங்கள். ஈரத்தோடு ஆயில் விட்டால் பிடிக்காது. எங்கள் பக்கத்துச் செம்மண் புகைபோல நுண்ணியது. ஆயில் படாத ஒரு திட்டு இருந்தாலும் அதன் வழியே உள்ளே போகும். இரண்டு ஃபில்டர் வாங்கி ஒன்றை எண்ணெய் விட்டுப் பிளாஸ்டிக் பையில் தயாராக வைத்திருப்பது நல்லது. தாள் ஃபில்டர் என்றால் கழுவ முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

11. நிற்கிற வாரங்கள்

ஷெட் ஆணியில் மளிகைக்கடை கொடுத்த மாதக் காலண்டர் தொங்குகிறது. எக்ஸ்பல்ஸ் ஓடினால் நீல மை, கேஎல்எக்ஸ் ஓடினால் சிவப்பு, பக்கத்தில் எத்தனை மணி நேரம் என்று ஒரு எண். ஆப் எல்லாம் முயன்று பார்த்தேன். கிரீஸ் கையோடு போனைத் தொட மனம் வராததால் அது மூன்றாம் வாரமே நின்றுபோனது. ட்ரெயிலில் கிலோமீட்டர் கணக்கு ஏமாற்றும். முதல் கியரில் ஒரு மணி நேரம் திணறினால் மீட்டரில் எட்டு கிலோமீட்டர் காட்டும். ஆயில் மாற்றுவதை மணிக்கணக்கில் பாருங்கள்.

தினமும் இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது நல்லது என்று பலர் நம்புகிறார்கள். அது கெடுதல். ஸ்டார்ட்டர் எடுத்த மின்சாரத்தை அந்த இரண்டு நிமிடம் திருப்பித் தராது, எஞ்சின் சூடேறாததால் உள்ளே படியும் ஈரமும் ஆயிலிலேயே தங்கும். ஸ்டார்ட் செய்தால் சூடேறும்வரை ஓட்டுங்கள். இல்லாவிட்டால் தொடவே வேண்டாம், பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். மாதம் ஒரு முறை மீட்டர் வைத்துப் பார்த்து 12.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் சார்ஜ் போடுங்கள்.

12. ஒன்றை விற்பது

காலண்டரில் ஒரு நிறம் மூன்று மாதம் தொடர்ந்து வரவில்லை என்றால் அந்த வண்டியை விற்றுவிடுங்கள். ஓடுகிற நிலையில் விற்கும் விலை வேறு, "ஸ்டார்ட் ஆகலை, சின்ன வேலைதான்" என்று விற்கும் விலை வேறு.

பதிவு செய்த வண்டிக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பெயர் மாறிவிட்டதா என்று நீங்களே பார்த்து உறுதி செய்யுங்கள். பெயர் மாறாதவரை அந்த வண்டி எங்கே மோதினாலும் உங்கள் வீட்டுக்குத்தான் ஆள் வரும். ட்ராக் வண்டிக்கு முதல் ரசீதோடு, ஃப்ரேம் எண், தேதி, தொகை எழுதிய விற்பனைக் கடிதம் இரண்டு பிரதி. வாங்குபவர் கையெழுத்திட்ட ஒன்று உங்களிடம் இருக்கட்டும். ரோட்டில் ஓட்ட முடியாத வண்டி இது என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். வாங்க வருபவர்களில் பாதிப் பேர் கேட்கிற முதல் கேள்வி, "இதுக்கு நம்பர் வாங்கிடலாமா?" என்பதுதான்.